எட்டு முறை மணியடித்தால் ஓர் எழுத்து

விண்ணரசியின் வீட்டில் தினமும் மாலை ஏழரை மணிக்குத் தொலைபேசி ஒரே ஒரு முறை அடிக்கும். அதை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் குவைத்தில் இருக்கும் அப்பாவுக்குக் காசு போய்விடும்.

'வேலை முடிந்து அறைக்கு வந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்' என்பதுதான் அந்த ஒரு மணிக்கு அர்த்தம்.

"அப்பா!" என்று ஆறு வயதுத் தம்பி ஆன்டோ ஓடுவான். அவன் போய்ச் சேர்வதற்குள் மணி நின்றிருக்கும். தொலைபேசியைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவான்.

அப்பா ஆல்பின் அங்கே ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேசுவார். அம்மா பேசி முடித்து விண்ணரசியின் கைக்கு ரிசீவர் வரும்போது நேரம் முடிந்துகொண்டிருக்கும்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க எப்ப வருவீங்க?"

"சீக்கிரம்."

அவ்வளவுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே 'சீக்கிரம்'.

ஏழாம் வகுப்புப் படிக்கும் விண்ணரசிக்கு அது போதவில்லை. தினமும் வரும் அந்த வெறும் மணிக்குப் பதில் ஒரு சொல் வந்தால் எப்படி இருக்கும்?

தமிழில் 247 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பார்த்தாள். 'அ' என்றால் 1. 'ஃ' வரை எண்ணி, பிறகு க், க, கா என்று வரிசையாகப் போனால் 'நா' 107. அதற்காக அப்பா 107 முறை மணியடிக்க முடியுமா? குவைத்தில் விடிந்தே போய்விடும்!

மறுநாள் மன்னார்குடிப் பள்ளிக்கு பஸ்ஸில் போகும்போது, வழியில் பெண்கள் நாற்றுப் பறித்துச் சிறு சிறு கட்டுகளாக, முடி முடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விண்ணரசிக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நினைவுக்கு வந்தது. "நாம பத்துப் பத்தா கட்டி எண்றோம். கம்ப்யூட்டர் ரெண்டு ரெண்டா கட்டி எண்ணும்" என்று பிரகதாம்பாள் மிஸ் சொல்லியிருந்தார்.

அப்படியானால் நான்கு நான்காகவும் கட்டலாமே! நான்கு சேர்ந்தால் ஒரு கட்டு. நான்கு கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. அப்படி 64 ஒன்று, 16 இரண்டு, 4 இரண்டு, மீதி 3 என்று எழுதினால் 107 என்பது 1223 ஆகிவிடும். நான்கே இலக்கங்கள், நான்கே அழைப்புகள். 0 என்றால் ஒரு மணி, 1 என்றால் இரண்டு, 2 என்றால் மூன்று, 3 என்றால் நான்கு மணி.

சாப்பாட்டு இடைவேளையில் மிஸ்ஸைத் தேடிப் போனாள்.

"மிஸ், ஒரு புரோகிராம் எழுதிக்கட்டுமா? எண்ணையும், எத்தனை எத்தனையா கட்டணும்ங்கறதையும் கொடுத்தா, அதுவே மாத்தித் தரணும்."

"எழுதேன். அந்த ஓரத்துக் கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம். அது மத்தியானம் தூங்கும்" என்றார் மிஸ்.

எண்ணை நான்கால் வகு. மீதியை எழுது. வந்த ஈவை மறுபடி வகு. பூஜ்யம் வரும்வரை விடாதே. விண்ணரசி எழுதி முடித்து 107 என்று கொடுத்தாள். திரையில் 3221 என்று வந்தது. தலைகீழ்!

நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். கடைசியாக வரும் மீதி பெரிய கட்டு. அதுதானே முன்னால் நிற்க வேண்டும்? ஒரு வரியை மாற்றினாள். 1223.

247 எழுத்துகளுக்கும் உரிய எண்களை பிரின்டர் கிர் கிர் என்று அச்சடித்துத் தந்தது. ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இன்னொன்றில் மணிக் கணக்கையும் எழுதிக் குவைத்துக்கு அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை ஏழரைக்கு மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு.

"என்னக்கா? அப்பா என்ன சொல்றார்?"

விண்ணரசி அட்டவணையைப் பார்த்தாள். "ஙௌ."

"ஙௌவா?"

வியாழக்கிழமை 'ளொ' வந்தது.

"ஙௌ… ளொ… அப்பா நாய் மாதிரி குரைக்கிறார்!" என்று ஆன்டோ உருண்டு சிரித்தான். விண்ணரசிக்கு அழுகை முட்டியது.

வெள்ளிக்கிழமை அப்பா பேசினார். "நான் நல்லா இருக்கேன்னு அனுப்ப ஆரம்பிச்சேன்மா. 'நா', 'ன்'. ஒவ்வொரு மணியையும் காதால எண்ணித்தான் வச்சேன்."

அப்பாவும் சரியாக எண்ணினார், நாமும் சரியாக எண்ணினோம். பிறகு எங்கே தப்பு?

சனிக்கிழமை தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போனாள். "லியாகத் அலி மாமா, எங்க வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துக்கட்டுமா? பேச மாட்டேன்."

"பேசாம இருக்கவா பூத் வச்சிருக்கேன்?" என்று சிரித்தவர் ரிசீவரை நீட்டினார்.

காதில் மூன்று மணி கேட்டதும் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"ஆன்டோ, எத்தனை மணி அடிச்சுது?"

"ரெண்டு."

அதுதான் விஷயம்! கூப்பிடுகிறவர் காதில் கேட்பதும் இங்கே அடிப்பதும் ஒன்றல்ல. ஒரு மணி கூடக் குறைய இருக்கும். மூன்றா நான்கா என்று எண்ணினால் தப்பாகும். ஆனால் இரண்டு மூன்று முறை அடித்து நின்றுவிடும் குட்டி மணியா, ஏழெட்டு முறை விடாமல் அடிக்கும் நீள மணியா என்பதில் யாருக்கும் தப்பு வராது. இரண்டே இலக்கங்கள்: குட்டி என்றால் 0, நீளம் என்றால் 1. இரண்டு இரண்டாகக் கட்ட வேண்டியதுதான்!

திங்கட்கிழமை அதே புரோகிராமில் 4 கேட்ட இடத்தில் 2 கொடுத்தாள். எட்டு இலக்கம் ஆக முன்னால் ஒரு 0 சேர்த்தால், 'நா' இப்போது 01101011. எட்டு அழைப்புகள். போகட்டும். ஆனால் புதுத் தாள் குவைத்துக்குப் போய்ச் சேர மறுபடி இரண்டு வாரமா?

பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 1223. 01, 10, 10, 11. அட! பழைய இலக்கம் ஒவ்வொன்றும் புதிதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இன்னும் பத்து எழுத்துகளைப் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான். புதுத் தாளே வேண்டாம்!

வெள்ளிக்கிழமை ரிசீவர் கைக்கு வந்ததும் மூச்சு விடாமல் சொன்னாள். "அப்பா, எழுதிக்கோங்க. 0 இருந்தா குட்டி, குட்டி. 1 இருந்தா குட்டி, நீளம். 2 இருந்தா நீளம், குட்டி. 3 இருந்தா நீளம், நீளம். தினமும் ஓர் எழுத்து. அப்புறம்ப்பா… நல்லா இருக்கேன்னு போன்லயே சொல்றீங்க. இதுல வேற சொல்லுங்க."

அப்பா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

சனிக்கிழமை: நீளம், குட்டி, நீளம், நீளம், நீளம், குட்டி, குட்டி, குட்டி. 'வ'.

ஞாயிற்றுக்கிழமை 'ர'.

அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை 'நா'.

"வர நா… நாளைக்கு! அப்பா நாளைக்கு வர்றார்!" ஆன்டோ தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்து, கிறிஸ்துமஸ் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை 'ளா'. புதன் 'கு'. வியாழன் 'ம்'.

வர நாளாகும்.

அம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தார். ஆன்டோ இன்னும் அதே சட்டையில்தான் இருந்தான். விண்ணரசி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அப்பா நாளைக்கு வரலடா. இன்னும் ரொம்ப நாள் ஆகும்."

ஆன்டோவின் உதடு பிதுங்கியது. விண்ணரசி அவன் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தாள். "இனிமே நீதான் மணியைக் குறிச்சுக்கணும். குட்டி மணிக்குப் புள்ளி. நீள மணிக்குக் கோடு. எனக்கு ஒரு ஆள் வேணும்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோடு எவ்ளோ நீளம்?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை அப்பாவின் குரல் தாழ்ந்திருந்தது. "படிச்சியாம்மா? கம்பெனியில இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்க. எனக்கு வாயால சொல்ல வரல."

விண்ணரசி ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"படிச்சேன்ப்பா. பரவாயில்ல. ஆனா எழுத்து அனுப்பறத நிறுத்திடாதீங்க."

"இனிமே என்னம்மா அனுப்பறது?"

"எதுவா இருந்தாலும். என்ன பாத்தீங்க, என்ன சமைச்சீங்க, யார் கூடச் சண்டை போட்டீங்க. எல்லாம்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

மறுநாள் ஏழரைக்கு ஆன்டோ நாக்கைத் துருத்திக்கொண்டு புள்ளியும் கோடுமாக எழுதினான். எட்டாவது மணி நின்றதும் விண்ணரசி அட்டவணையில் விரலை ஓட்டினாள்.

"கு."

"குரங்கு! உன்னைத்தான் சொல்றார்!" என்றான் ஆன்டோ.

"குதிரையா இருக்கும்."

"குழம்பு" என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ன குழம்புன்னு கேக்க வர்றார், பாத்துக்கோங்க."

"குரங்குதான்! சொல்லுக்கா, குரங்குதானே?"

விண்ணரசி 'கு' என்று எழுதி, அதன் பக்கத்தில் நிறைய இடம் விட்டாள்.

"நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.