தாயம்மா அத்தையின் ஐந்து விரல்கள்

காத்திவாக்கத்தில், கழிமுகத்தை ஒட்டிய தெரு ஒன்றில் சிவந்தி என்னும் பத்து வயதுச் சிறுமி இருந்தாள். அவளுடைய அக்கா எழில்மொழி, திருவொற்றியூரில் அழகுக்கலைப் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் எழில்மொழிக்கு முதல் தேர்வு. ஒருவரின் ஒரு கையில் ஐந்து விரல்களிலும் வெள்ளை நுனி வைத்த செயற்கை நகங்களை ஒட்டி, உறுதிக்காக மேலே மெல்லிய பட்டுத் துணியைப் பதித்து, அவரை வகுப்புக்கு அழைத்து வர வேண்டும். ஒரு நகம் கழன்றாலும் தேர்ச்சி இல்லை.

கை கொடுக்க ஒப்புக்கொண்டவர் பக்கத்து வீட்டுத் தாயம்மா அத்தை ஒருவர்தான். அவர் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர்.

அன்று மாலை எழில்மொழி அத்தையின் கட்டைவிரலில் பசை தடவி, நகத்தை வைத்து அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டுக் கையை எடுத்தாள். நகம் தரையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்து ஒட்டினாள். அது தெறித்துப் போய், ஆற வைத்திருந்த குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

"இன்னாடி, கொழம்புக்கு நகம் மொளச்சிடும் போல கீது," என்றார் அத்தை.

சிவந்தி சிரித்தாள். எழில்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியில் மிஞ்சியிருந்தவை ஐந்தே நகங்கள்.

"நான் ஒழுங்காத்தான் ஒட்டறேன் அத்த. உன் நகந்தான் எறா உரிச்சி உரிச்சிக் கெட்டுப்போய்க் கீது," என்று சொல்லிவிட்டாள்.

அத்தை கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அப்பவே சொன்னனே. நல்ல கையா வேற யாரயாச்சும் இட்டுகினு போ."

அவர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

சிவந்தி தரையில் கிடந்த நகத்தை எடுத்தாள். அது விரலிடுக்கில் நிற்காமல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை.

"அத்த, கொஞ்சம் இரு. கையில எண்ண தடவினியா?"

"எறா குத்தின எரிச்சலுக்குத் தெனமும் தடவுவேன். நாளைக்கு நாலு பேரு பாக்கப் போறாங்களேன்னு இன்னிக்கு ரெண்டு தபா தடவினேன்."

"அப்போ உன் நகத்து மேல தப்பே இல்ல," என்றாள் சிவந்தி. "பஞ்சர் கடையில தேசப்பண்ணன் டியூபைத் தொடச்சி, தேச்சிட்டுதான ஒட்டறாரு? எண்ணக் கையில எப்படி ஒட்டும்?"

எழில்மொழி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கிளாஸ்லயும் இதான் சொன்னாங்க. பட்டுத்துணிய நெனச்சி பயந்துகினே மறந்துட்டேன். கோச்சிக்காத அத்த, நான்தான் தப்பா பேசிட்டேன்."

"கோவம் இன்னாத்துக்கு? சோப்பு எங்க கீது?"

சிவந்தியே அத்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். எழில்மொழி அவருடைய நகத்தின் மேற்புறத்தை லேசாகத் தேய்த்துவிட்டுச் செயற்கை நகத்தை ஒட்டினாள். பத்து வரை எண்ணினாள். நம்பிக்கை வராமல் சிவந்தி இன்னொரு பத்து எண்ணினாள். நகம் அசையவில்லை. மற்ற நான்கும் அப்படியே ஒட்டி நின்றன.

பிறகு பட்டுத் துணி. முதல் துண்டு எழில்மொழியின் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மற்றவை ஒழுங்காகப் படிந்தன. விளக்கு வைக்கும் நேரத்தில், ஐந்து நுனிகளும் அப்போதுதான் உடைத்த தேங்காய்போல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

மறுநாள் சனிக்கிழமை என்பதால் சிவந்தியும் உடன் சென்றாள். ஆசிரியை ஒவ்வொரு நகத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கழலவில்லை. எழில்மொழி தேர்ச்சி பெற்றாள்.

திரும்பும் பேருந்தில் இருக்கைகள் காலியாக இருந்தன. ஆனாலும் தாயம்மா அத்தை மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"உக்காரு அத்த, எடம் கீதே," என்றாள் சிவந்தி.

"இருக்கட்டும்டி," என்றார் அத்தை, ஐந்து விரல்களும் நன்றாகத் தெரியும்படி கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நம்ம ஸ்டாப்பிங் வர்ற வரைக்கும் நின்னுகினே வரேன்."