யாரும் சாகாத நாளில் ஒரு போன்

சாவு வீட்டுக்குப் போட்டுக்கொள்ளவென்றே ஒரு முகம் உண்டு. அதைப் பத்திரமாக மாட்டிக்கொண்டுதான் அவன் அந்த வீட்டுப் படியேறினான். சொட்டச் சொட்ட நனைந்த குடையை வாசலில் சாய்த்தான். குரலை இறக்கினான். எதிரே நின்றவளிடம் மெல்லச் சொன்னான்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க... இப்பதான் கேள்விப்பட்டேன். நீங்க சரின்னா கட்டிலைக் கழட்டிக்கிறேன்."

கட்டிலிலிருந்து காதைக் கிழிப்பது போல ஒரு விசில் கிளம்பியது.

"தாராளமா கழட்டிக்கோ தம்பி. நான் எங்க போய்ப் படுக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்வைக்குள்ளிருந்து எலும்பும் மீசையுமாக ஒரு முகம் அவனையே முறைத்துக்கொண்டிருந்தது. ரிட்டையரான டிரில் மாஸ்டர். உடம்பு முக்கால்வாசி விடைபெற்றுவிட்டது. வாய் மட்டும் இன்னும் மைதானத்தை விட்டு இறங்கவில்லை.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்று சீறினாள் எதிரே நின்றவள். ஒரு கையில் மருந்து ஊசி, மறு கையில் நனைந்த துண்டு.

"மஞ்சள் கேட்டு வீடுன்னு சொன்னாங்க..."

"இந்தத் தெருவுல பாதி கேட்டு மஞ்சள்தான்! அது பின்னாடி சந்துல. ஆள் இருக்காரா போயிட்டாரான்னு பார்த்துட்டு வாயைத் திறக்க மாட்டீங்களா?"

அவன் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்கள்... கொட்டப் போகிறதா, கலைந்துவிடப் போகிறதா என்று தெரியாமல் திணறும் மேகம் மாதிரி இரண்டு கண்கள். அவற்றைப் பார்த்ததும் வந்த வேலை, வந்த வழி, குடை எல்லாம் மறந்தது. குடையை நிஜமாகவே மறந்துவிட்டுப் போனான். மறந்தானா, விட்டுவிட்டுப் போனானா... அதை அவனைத்தான் கேட்க வேண்டும்.

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை. இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி கைகழுவி அனுப்பியவர்களை, அவரவர் வீட்டிலேயே, வலி தெரியாமல், கடைசி மூச்சு வரை பார்த்துக்கொள்கிறவள். அந்த வீடுகளில் ஏற்றி இறக்கும் கட்டிலைக் கொண்டுவந்து பூட்டுவதும், எல்லாம் முடிந்த பின் கழற்றி எடுத்துப் போவதும் அவன் வேலை. ஒரே நிறுவனம்தான். அவன் புதிதாகச் சேர்ந்தவன். ஆள் போய்விட்டால் நர்ஸ்தான் கட்டில்காரனுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

டிரில் மாஸ்டர் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பம்பரம்'. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகில் பவுடர் போடுவாள், மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். ஒரு வீடு பழகுவதற்குள் அந்த வீட்டுக்கு அவள் தேவைப்படாமல் போய்விடும், அடுத்த வீடு. இப்படியே சுற்றிச் சுற்றி, சொந்த வீட்டில்கூட அவளுக்குக் கால் தரிப்பதில்லை.

குடையை எடுக்க வந்தவன், "கட்டில் கைப்பிடி கிறீச்சிடுது. எண்ணெய் போடணும்" என்றான். மறுபடியும் கிறீச்சிட்டது. மறுபடியும் வந்தான். அந்தக் கட்டிலுக்குப் போட்ட எண்ணெயில் ஒரு ரயிலே ஓடியிருக்கும்.

"ஏன்டா, இந்தக் கட்டில்ல இதுவரை எத்தனை பேர் போயிருக்கான்?" என்று வம்புக்கு இழுப்பார் மாஸ்டர்.

"புதுசு சார். நீங்கதான் முதல்."

"புதுசுல பெயிண்ட் ஏன்டா உரிஞ்சிருக்கு?"

"பம்பரம் முட்டியிருக்கும் சார்."

அவள் திரும்பி முறைப்பாள். உதட்டோரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. எல்லா வீட்டிலும் அவன் 'புதுசு' என்றுதான் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பொய் அவளுக்குப் பிடித்திருந்தது... சே, என்ன நினைப்பு இது!

முதலில் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், எந்த நாளில் என்று தெரியாமல் 'ஏங்க' என்று மாறியிருந்தான். அவளும் அதைக் கவனிக்காதவள் போலவே கவனித்தாள்.

ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் வேனிலேயே அவளை வீட்டில் இறக்கிவிட்டான். வழியெல்லாம் வைப்பர் மட்டும் பேசியது. வாசலில் அவள் அம்மா இரைப்பில் மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"அம்மாவுக்கு மழை வந்தாலே இப்படித்தான், பயமா இருக்கும்" என்றாள் அவள்.

"பார்த்துக்குங்க" என்றான் அவன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எதிர்வீட்டு ஜன்னலுக்கு அது போதாதா? விளக்கு வைப்பதற்குள் அம்மா காதில் முழுக்கதையும், நடக்காத மிச்சத்தோடு, வந்து சேர்ந்தது.

"கட்டில்காரனாமே?" என்றாள் அம்மா. "செத்த வீட்டுக்குப் போற ஆள் இந்த வீட்டுல ஒருத்தி போதும்டி. ரெண்டு பேரா சேர்ந்தீங்கன்னா காக்கா கூட இந்தப் பக்கம் வராது."

"ஒண்ணுமில்லம்மா. மழைக்கு ஏத்திக்கிட்டாரு."

"'ஏத்திக்கிட்டாரு'! ரு வேற!"

டிரில் மாஸ்டர் ஒரு காலைநேரம் அடங்கினார். தூக்கத்திலேயே, வலியில்லாமல். அவள் அவர் மீசையைச் சீவிவிட்டாள். பிறகு போனை எடுத்து, 'கட்டில்' என்று பதிந்து வைத்திருந்த எண்ணை அழுத்தினாள்.

"எந்த வீடு?" என்றான். அவள் போன் செய்தால் அவன் முதலில் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

"நம்ம மாஸ்டர்..."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வேன் நின்றது.

மாலையில் வந்தான். கட்டிலைத் தடதடவென்று கழற்றவில்லை. மெத்தையைத் தூக்கிச் சந்துபொந்தெல்லாம் விரல் விட்டுத் துழாவினான். எந்தக் கட்டிலிலும் ஏதாவது ஒன்று சிக்கியிருக்குமாம். சீப்போ, கண்ணாடியோ, ஒரு மாத்திரையோ. தலைமாட்டுக் கம்பிக்கிடையில் விசில் கிடந்தது. அதைத் தன் சட்டையில் துடைத்து மாஸ்டரின் மகளிடம் நீட்டினான். அதுவரை கல்லாக நின்ற அந்த மகள், விசிலை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு உடைந்து அழுதாள்.

எத்தனையோ வீடுகளில் அழாத பம்பரத்துக்கும் கண் நிறைந்துவிட்டது. அவசரமாக வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஏங்க... ஒண்ணு கேக்கட்டுமா? உங்க போன் வந்தா உங்க குரலைக் கேக்கப் போறோம்னு மனசு துள்ளுது. அடுத்த நிமிஷமே யாரு போயிட்டாங்களோன்னு பயம் வந்துடுது. யாரும் சாகாத ஒரு நாள்ல... சும்மா, ஒரே ஒரு தடவை கூப்பிடுங்களேன்."

கூப்பிடேன் என்று அவளுக்குள்ளே ஏதோ கெஞ்சியது. ஆனால் கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பு அவளைப் பெண் பார்க்க அக்கா கூட்டிவந்த மாப்பிள்ளை. டீயை நீட்டியபோது அவன் சிரித்துக்கொண்டே கேட்டான், "கை கழுவிட்டீங்கல்ல?" அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி எவன் முன்னாலும் நிற்பதில்லை என்று.

"அழுததைப் பார்த்து இரக்கப்படறீங்களா? எனக்கு அதெல்லாம் வேண்டாம். கட்டில் வேலை இருந்தா கூப்பிடுவேன்."

அவன் முகம் சட்டென்று வாடியது. "சரிங்க. நானா கூப்பிட்டுத் தொல்லை பண்ண மாட்டேன். அது உங்க இஷ்டம்."

அதன் பிறகு அவள் கட்டில் போனையே அலுவலகத்துப் பெண் தலையில் கட்டினாள். ரோஷம்தான்! ஆனால் ரோஷத்துக்குத் தூக்கம் வரவில்லையே. போனை எடுப்பாள், வைப்பாள். அடுக்கிய டப்பாவை இறக்கி அடுக்குவாள். புது வீட்டு நோயாளியின் கட்டில் கைப்பிடி கிறீச்சிட்டால் வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். வேறு யாரோ வந்து எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்கள். கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் ஒருநாள். இந்தக் கையைக் கழுவினாயா என்று கேட்காமல், விசிலைத் தன் சட்டையிலேயே துடைத்தவன் அவன். அவனையா விரட்டினேன்...?

விடுமுறை நாள். மத்தியானம். வெளியே மழை வெளுத்து வாங்கியது. அம்மா உள்ளே குறட்டை. அவள் 'கட்டில்' என்ற பெயரை அழுத்திவிட்டாள்.

"எந்த வீடு?"

எத்தனையோ பேசலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். குரல் தழுதழுத்தது.

"எங்க... எங்க வீடு. கொஞ்சம் வாங்க..."

அதற்கு மேல் வெட்கம் பிடுங்கித் தின்ன, போனையே அணைத்துவிட்டு முகம் கழுவ ஓடினாள். எங்கேயாவது உண்டா இந்தக் கூத்து? ஆள் போனால்தான் போன் என்று பழகிய அவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்னவென்று எடுத்துக்கொள்வான்?

அவன் எடுத்துக்கொண்டபடியே வந்தான். வேன் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு வாசலில் நின்றது. கட்டில் வேன் ஒரு வீட்டு முன் நின்றால் தெருவுக்கு வேறென்ன தோன்றும்? எதிர்வீட்டம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்தது, யாருக்காக அவர்கள் எல்லோரும் வந்தார்களோ அந்த அம்மாவேதான்.

அவன் குடைகூட இல்லாமல் நனைந்து நின்றான். கண் சிவந்திருந்தது. அம்மாவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான்.

"நீ... நீங்க... நல்லாத்தான் இருக்கீங்களா?"

"எனக்கென்னப்பா? ஏன் இப்படி முழிக்கிறே? எதுக்கு அழுதே?"

"இல்லம்மா... மழை... உங்களுக்கு இரைப்பு வேற... போன்ல அவங்க குரலே சரியில்லை... வழியெல்லாம்..." அதற்கு மேல் முடியாமல் புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

பின்கட்டிலிருந்து ஒரு பக்கம் மட்டும் வாரிய தலையோடு ஓடிவந்தாள் பம்பரம். வேனைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ... கட்டிலுக்கா கூப்பிட்டேன்?"

"எந்த வீடுன்னு கேட்டேன். எங்க வீடுன்னீங்க. போனை வேற அணைச்சிட்டீங்க. நான் என்னங்க நினைக்கறது?" அவனுக்குக் கோபம்கூட வந்தது. "பாதி வழியில என் உசிரே போயிருக்கும்!"

"யாரும் சாகாத நாள்ல கூப்பிடச் சொன்னது யாரு?"

அவன் அப்படியே நின்றான். மழைத்தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. மெல்ல... மெல்ல... அந்தச் சாவு வீட்டு முகம் கழன்று விழுந்தது.

"சும்மாவா கூப்பிட்டீங்க?"

"சும்மா இல்லை." தலை குனிந்துகொண்டாள். "நீங்க இல்லாம ஒரு இடத்துல உட்கார முடியலை... போதுமா? இன்னும் சத்தமாச் சொல்லணுமா? தெருவே நிக்குது."

"எனக்குக் கேட்டுச்சுங்க. போதும்... இல்லை, போதாது. தினம் கூப்பிடுங்க."

"தினமும் 'எந்த வீடு'ன்னு கேப்பீங்களா?"

"மாட்டேன். நீங்க இருக்கற வீடு எதுவோ அதுதான்."

எதிர்வீட்டம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே மறந்துபோனாள். இப்போது அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று மொத்தத் தெருவும் அவள் முகத்தைப் பார்த்தது. அம்மாவோ அவனையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டை எடுத்து அவன் தலையில் போட்டாள்.

"ரெண்டு பொண்ணு பெத்தேன். நான் போனா யாரு அழுவாங்கன்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஒருத்தன் மழையோட ஓடிவந்து அழுதுட்டான். துவட்டிக்கோப்பா, சளி பிடிக்கும்." தெருப்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "நான் நல்லாத்தான் இருக்கேன், எல்லாரும் வீட்டுக்குப் போங்க! ஏம்பா, முதல்ல அந்த வேனை வாசல்லேருந்து எடு. பார்க்கறவங்க எனக்குத்தான் கட்டில் வந்திருக்குன்னு நினைப்பாங்க!"

அவன் வேனை எடுக்கப் போனான். பம்பரம் வாசற்படியிலேயே, மழைச்சாரலில், அசையாமல் உட்கார்ந்து அவன் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.