விரிசலின் நுனியில் ஒரு தேதி

காலையில் பார்த்தபோது அந்த விரிசலின் நுனியில் ஒரே ஒரு பென்சில் கோடுதான் இருந்தது. மைதானத்தில் போட்டிருந்த டென்ட்டுகளுக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு குருவி திரும்பியபோது இரண்டு இருந்தன.

வாளியை அப்படியே வைத்துவிட்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்று பார்த்தாள். தூண் ஓரத்தில் தலைமுடி கனத்தில் கிளம்பி, அவளும் தம்பி வாலுவும் படுக்கும் மூலையை நோக்கிச் சாய்வாக இறங்கும் விரிசல். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் 5/7. ஒரு சாண் தள்ளி, இரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் இன்றைய தேதி, 13/7. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. இவர்கள் தெருவுக்கு, ஏழு என்ற எண்ணை அப்படிப் போடுகிற ஆள் ஒருத்திதான் வந்திருந்தாள். அவள் செத்து ஏழு நாள் ஆகிறது.

நிலநடுக்கம் வந்த மூன்றாம் நாள், வீடு வீடாகச் சோதிக்க வந்த இன்ஜினியர் அக்கா அவள். காதில் பென்சில், காலில் அளவு பெரிதான பூட்ஸ். விரல் முட்டியால் சுவரை டொக், டொக், டொக் என்று மூன்று தட்டுத் தட்டிவிட்டு, பதில் வரும் என்பதுபோலத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். விரிசலின் நுனியில் கோடு போட்டுத் தேதி எழுதுவாள்.

"விரிசல் இந்தக் கோட்டத் தாண்டிச்சுன்னா வீடு இன்னும் நகருதுன்னு அர்த்தம்" என்று குருவியிடம் சொன்னாள். "பாக்கப் பயங்கரமா இருக்கறது பெரும்பாலும் வெறும் பூச்சுதான். இந்த மாதிரி தூணுல ஓடுற மயிரிழைக்குத்தான் நான் பயப்படுவேன்."

போகும்போது குருவி வீட்டுக் கதவில் சிவப்புக் காகிதம்: உள்ளே தங்கக் கூடாது, டென்ட்டுக்குப் போகணும். பக்கத்து வீட்டில் பச்சை: பயமில்லாமல் தங்கலாம்.

பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. ஒரே வருஷம், ஒரே மேஸ்திரி, நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து. எல்லாம் ஒரே அளவு, ஆனால் பெரியப்பா மகள் அறைக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல், குருவிக்குச் சந்தைப் பார்த்த ஜன்னல். மூன்றே மாதம் மூத்தவள், அதற்கே 'அக்கா'ன்னு கூப்பிடணுமாம். குருவி மனசுக்குள் வைத்திருந்த பெயர் மகாராணி. ஊரே குலுங்கி விழுந்த அன்று குருவியின் அலமாரி குப்புறக் கிடந்தது. மகாராணியின் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று சாயங்காலம் மகாராணி வந்து தோளில் கை போட்டாள். "பாவம்டி நீங்க. டென்ட்டுக்கெல்லாம் எதுக்குப் போறீங்க? எங்க ஹால்ல வந்து படுத்துக்கோங்க."

ஹால்ல. அவள் அறையில் இல்லை. ஹால்ல.

இருட்டியதும் குருவி இரண்டு கதவிலும் இருந்த குண்டூசிகளைப் பிடுங்கி, காகிதங்களை மாற்றிக் குத்தினாள். ஒரு காகிதத்துக்கு நாலு. எதிலும் வீட்டு எண் கிடையாது, அதெல்லாம் இன்ஜினியர் அக்காவின் நோட்டில். ஒரே ஒரு ராத்திரி மகாராணி டென்ட்டில் படுத்துப் பார்க்கட்டும். நாளைக்கு அந்த அக்கா மறுபடி வருவாள், சரி பண்ணிவிடுவாள்.

மறுநாள் பூமி இன்னொரு தடவை ஆடியது. கடைத்தெரு கிடங்கு ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, நோட்டோடு இடிபாட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த அக்காவே மறுபடி பார்த்துக் காகிதத்தை மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். அப்பா சந்தோஷத்தில் மிதந்தார். "பாத்தியா, எங்கண்ணன் வீட்ல சுவரு பூரா வெடிச்சுக் கிடக்கு, சிவப்பு. நமக்கு மயிரிழை ஒண்ணு. நின்னு கட்டுனவன் யாரு?" வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனை ஜெயித்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஆனால் இன்று, இரண்டாவது கோட்டைப் பார்த்ததும், குருவி மறுபடி மைதானத்துக்கு ஓடினாள். மகாராணியிடமே சொல்லிவிடுவதாக முடிவு. அவளோ டென்ட் வாசலில், நாலைந்து பெண்கள் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நிவாரணத்துக்கு வந்த நர்ஸ் ஒருத்தி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். டென்ட்கூட இவளுக்குப் பொருந்துகிறது.

"வாங்க பச்சை வீட்டம்மா! என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நான்கூட அம்மாட்ட சொல்லிட்டிருந்தேன், நம்ம வீடு மட்டும் பச்சையா இருந்தா இவங்கள ஹால்ல வசதியா வச்சிருக்கலாமேன்னு."

நாக்கு நுனிவரை வந்திருந்தது. விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

வீட்டுக்குள் சிமென்ட் தூள் வாசனை அடித்தது. யாரோ உதறிய சட்டையிலிருந்து வருவதுபோல, புதுசாக, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாசனை. மூன்றாவது கோடு தரைக்கு ஒரு விரல் மேலே இருந்தது. 14/7. விரிசல் இன்னும் அதுவரை வரவில்லை. கோடுதான் முன்னாடி போய்க் காத்திருந்தது.

படுக்கும் நேரத்தில் அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, இன்னிக்கு டென்ட்டுல படுக்கலாம்ப்பா."

"உங்க பெரியப்பன் பாத்து சிரிக்கறதுக்கா? பச்சை ஒட்டியிருக்குல்ல, போய்ப் படு."

"அந்தப் பேப்பர்..."

"பேப்பருக்கு என்ன?"

அப்பா பார்த்த பார்வையில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது. பச்சை போனால் மகாராணி அந்த ஜன்னலுக்குத் திரும்பிவிடுவாள். இவர்கள் ஹாலில்.

"ஒண்ணுமில்ல" என்றாள் குருவி. அன்றைக்கு இரண்டாவது தடவை.

நாலு பேரும் ஒரே அறையில் வரிசையாகப் படுத்தார்கள். அப்பாவின் குறட்டை, அம்மாவின் வளையல் உரசல், வாலு தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம், கூரையிலிருந்து மணல் துளித்துளியாக எங்கோ தகரத்தில் விழும் சத்தம் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே அவள் கண்ணை மூடியிருந்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

டொக். டொக். டொக்.

கண் திறந்தது. இருட்டு.

சுவரில் வருகிற சத்தம் இல்லை. சுவர் என்றால் கெட்டியாக ஒலிக்கும். இது மெத்தென்று ஒலித்தது. தாழ்வாக. பக்கத்தில்.

டொக். டொக். டொக். பிறகு, யாரோ காதுகொடுத்துக் கேட்கிற அளவுக்கு ஓர் அமைதி.

பூட்ஸ் ஓரடி நகர்ந்தது.

குறட்டை நின்றிருந்தது. பல் கடிக்கும் சத்தமும்.

தலையணைக்கடியில் டார்ச்சைத் துழாவினாள். வெளிச்சம். யாரும் இல்லை. விரிசல் மூன்றாவது கோட்டைத் தாண்டியிருந்தது. தரையில் இறங்கியிருந்தது. தரையிலிருந்து பாய். பாயிலிருந்து தலையணை.

தலையணையிலிருந்து வாலு.

காதோரம் ஏறி, நெற்றியில் ஒரு மயிரிழை. அதன் நுனியில் பென்சில் கோடு. 14/7.

அம்மா. 14/7.

அப்பா. 14/7. குறுக்குக் கோடு போட்ட ஏழு.

"அப்பா, பேப்பர நான்தான் மாத்துனேன்! எந்திரிங்க! நம்ம வீடுதான் சிவப்பு, நான்தான் மாத்துனேன்!"

சொல்லிவிட்டாள். முழுசாக.

யாரும் அசையவில்லை. கூரையிலிருந்து தூள் கொட்ட ஆரம்பித்தது. அப்பாவின் இமைமேல் விழுந்தது. இமை துடிக்கவில்லை.

அவள் நெஞ்சில் என்னவோ சுருக்கென்று குத்தியது. டார்ச்சை மெல்லத் தாழ்த்தினாள்.

அவள் சட்டையில், நாலு மூலையிலும் நாலு குண்டூசி குத்தி, பச்சைக் காகிதம்.