அங்கப்பன் கட்டிப்போன விளக்கு

மீட்டரின் முள் சட்டென்று கீழே விழுந்தது. மல்லிகா குனிந்து பார்ப்பதற்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. விளக்குக்கும் வெளிச்சம் அளக்கும் அந்த மீட்டருக்கும் நடுவே மூன்றடி வெற்று மேசை. பூச்சிகூடப் பறக்கவில்லை. யாரோ அந்த இடைவெளியைக் கடந்துபோனது போலிருந்தது, அவ்வளவுதான்.

கொட்டச்சேட்டில், குகைகளை அளக்க வந்திருந்த கம்பெனி வாடகைக்கு எடுத்த பழைய எஸ்டேட் பங்களா அது. எண்பத்து நான்காம் வருஷத்து ஐப்பசி மழை ஓட்டின் மேல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. பின்பக்கத்து அறையின் ஜன்னலில் கறுப்புக் கம்பளியை ஆணி அடித்து மாட்டியிருந்ததால், பகல் பத்து மணிக்கும் உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. மேசையில் தலையில் கட்டும் விளக்குகள் மூன்று சுவரைப் பார்த்தபடி எரிந்துகொண்டிருந்தன. கால் மணிக்கொரு தரம் ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் அளந்து எழுதுவது மல்லிகாவின் வேலை. நாகலூர்க்காரி, கருவிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

ஆவணியிலும் இதே சோதனையை அவள் செய்திருந்தாள். இடுப்பில் பேட்டரியைக் கட்டிக்கொள்ளும் பெரிய விளக்கு பத்து மணி நேரம் ஒரே சீராக எரிந்தது. ஆனால் செங்கல் கனம். குறுகலான பாறைச் சந்துகளில் அதோடு நுழைய முடியாது. டார்ச் பேட்டரிக் கட்டை போடும் சின்ன விளக்கு கனமே இல்லை. முதல் மணி நேரம் பளிச்சென்று அடித்துவிட்டு, இரண்டாவதில் மஞ்சளாகி, நான்காவது முடியும்போது பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்து கிடந்தது. அவள் ‘நான்கு மணி’ என்று எழுதினாள். முகாம் தலைவர் மனுவேல் அதை அடித்துவிட்டு ‘எட்டு’ என்று திருத்தினார்.

“மழைக்கு முன்னாடி வேலை முடியணும்மா. நாலுன்னு எழுதினா மேலே யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடு,” என்றார்.

போட்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் விரல்களையே நசுக்க வேண்டும் போலிருந்தது.

கயிறு சுமக்க வந்த செம்மநத்தத்து அங்கப்பன், எட்டு மணி நேரம் என்ற அந்தப் பேச்சை நம்பித்தான் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு குகைக்குள் போனார். ஐந்தாவது மணி நேரத்தில், ஒரு திருப்பத்தில் அவருடைய விளக்கு அணைந்தது. அந்த நேரம் பார்த்து மேலே மழை பிடித்து, ஓடைத் தண்ணீர் குகைக்குள் இறங்கியது. வாசலுக்குக் கிட்டத்தில் இருந்த மற்றவர்கள் வெளியே வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம், குடித்துவிட்டுப் போய் வழி தவறிவிட்டான் என்று மனுவேல் சொன்னார். பீடிகூடப் பிடிக்காத மனிதர் அங்கப்பன்.

நேற்று அவருடைய மனைவி ஆராயி நனைந்தபடி வந்து வாசலில் நின்றாள். ஓடையில் கிடைத்ததென்று முந்தானையில் சுற்றி எடுத்து வந்த விளக்கை நீட்டினாள்.

“ஏனுங்க அம்மிணி, எட்டு மணி நேரம் எரியுமுன்னு எழுதினது நீங்கதானுங்களா?”

மல்லிகா ஆமென்று தலையை அசைத்தாள்.

“அவரு குடிச்சாருன்னு ஊருக்குள்ள சொல்றாங்க. எம் புள்ளைங்க இனி அதையே கேட்டுக்கிட்டு வளரணுமுங்க,” என்றாள் ஆராயி. அழவில்லை. விளக்கைக் கொடுத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

அந்த ஆத்திரத்தில்தான் மல்லிகா இன்று காலை எட்டு மணிக்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய விளக்கு ஒன்று, புதிய சின்ன விளக்கு ஒன்று, அங்கப்பனுடையது ஒன்று. சின்ன விளக்குகள் இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து புதுக் கட்டைகள். இந்த முறை உண்மையை எழுதி, மேலே உள்ளவர்களுக்குத் தன் கையாலேயே தபாலில் போட்டுவிடுவது என்று வைராக்கியமாக இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் புதிய விளக்கு எதிர்பார்த்தபடியே செத்தது. அங்கப்பனுடையது சாகவில்லை. காலையில் முள் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. ஒரு மணிக்கும் அப்படித்தான். இடையிடையே மட்டும் முள் விழுந்து எழுந்தது. முதலில் கால் மணிக்கொரு தரம். பிறகு அடிக்கடி. ஒவ்வொரு தடவையும் சுவரில் விழுந்திருந்த வெளிச்ச வட்டத்தின் அடிப்பக்கத்தில் ஏதோ தாழ்வாக, ஊர்ந்து போவதுபோல, இருட்டிக் கலைந்தது. அறைக்குள் ஈரப்பாறையும் வௌவால் எச்சமும் கலந்த நாற்றம் மெல்ல ஏறியது. மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. நனைந்த துணியைத் தரையில் இழுப்பது மாதிரி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால் அதுவும் நின்றது.

இரண்டு மணிக்கு மனுவேல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எரிகிற விளக்கைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். சிரித்தார்.

“ஆறு மணி நேரமா எரியுது. எட்டுன்னு நான் எழுதினது சரிதானே?”

“தண்ணிக்குள்ள கெடந்த வெளக்குங்க அது,” என்றாள். அணைந்து கிடந்த விளக்கைக் காட்டினாள். “பக்கத்துல புதுசு செத்துக் கெடக்குது, அதையும் பாருங்க. ஒரு மனுசனைக் கொன்னுபோட்டு, அவரு மேலயே பழியும் போட்டீங்க. உங்களுக்குக் கூசலீங்களா?”

“நீயும்தான் கையெழுத்துப் போட்ட. ஞாபகம் வச்சுக்க.” அவர் விளக்கை எடுத்து வாரைத் தலையில் மாட்டி இறுக்கினார். “நல்ல விளக்கு இது. அவனுக்குத்தான் பார்க்கத் தெரியல.”

வெளிச்சம் நேராக அவள் கண்ணில் அடித்தது. அதற்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் இன்னும் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. குறுகலான இடத்தில் நெஞ்சு மாட்டிக்கொண்டவன் விடுகிற மூச்சு.

“விளக்கைப் போடு, மல்லிகா.”

“எரியுதுங்க.”

“போடுன்னு சொல்றேன்ல.”

வெளிச்சம் கீழே இறங்கியது. முட்டி தரையில் மோதும் சத்தம். கேலி செய்கிறார் என்று நினைத்தவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஜன்னலுக்குப் போய்க் கம்பளியைப் பிடித்து ஆணியோடு இழுத்தாள். மூடுபனி கலந்த வெள்ளைப் பகல் அறை முழுக்கப் பாய்ந்தது.

மனுவேல் நாலு காலில் நின்றிருந்தார். கண்கள் அகலத் திறந்திருந்தன. பகல் நேராக அடித்தும் அவை இமைக்கவில்லை. நெற்றியில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் தடவித் தடவி, சுவரோரமாக நகர்ந்தார். மூலை வந்தது. தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, சுவருக்குள் நுழையப் பார்த்தார். மறுபடி. மறுபடி. நெற்றித் தோல் கிழிந்து வழிந்த ரத்தம் கண்ணில் இறங்கியும் நிறுத்தவில்லை.

“இங்கே வழி இருந்துச்சே,” என்றார் தனக்குள். “இங்கேதான் இருந்துச்சு.”

நன்றாக வேண்டும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது.

பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

மனுவேலின் கைகள் உலர்ந்திருந்தன. அவர் போன தடத்தில், அவருக்கு இரண்டடி பின்னால், சேற்றுக் கை ஒன்று பதிந்தது. பதியப் பதியத் தண்ணீர் கசிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. இடது. வலது. நிதானமாக. அங்கே யாரும் இல்லை.

மூலைக்குப் பக்கத்தில் வந்து தடம் நின்றது.

மனுவேல் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் மட்டும்.

மல்லிகாவின் முதுகு ஜன்னல் கம்பியில் இடித்தது. கதவு அறையின் அந்தப் பக்கம். நடுவில் வெறும் தரை.

தரையின் நடுவில் ஒரு கை பதிந்தது. ஐந்து விரல்களும் அவளைப் பார்த்து விரிந்திருந்தன.

அடுத்தது இன்னும் கிட்டத்தில்.