மகரந்திகள் வழிவிட்ட இடம்

விடிந்ததும் தமயந்தி செய்யும் முதல் வேலை, கணவர் நாச்சிமுத்துவின் துவைக்காத சட்டையை மகரந்திப் பெட்டியின் மூடிமேல் விரிப்பது. பெட்டி அதை முகர்ந்து பார்க்கும். யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு மூடி திறந்து, நெல்மணி அளவே உள்ள இருநூறு மகரந்திகள் ரீங்காரத்தோடு வீட்டுத் தோட்டத்துக்குள் கிளம்பும்.

தேனீ, வண்டு, பட்டாம்பூச்சி எல்லாம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது பூவுக்குப் பூ மகரந்தம் சேர்ப்பது இந்த மகரந்திகள்தான். வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு உரிமையாளர். அவருடைய வியர்வை வாசத்துக்கு மட்டுமே அது திறக்கும். உரிமையாளர் கண்ணிலும் காதிலும் விழுந்து தொலைக்கக் கூடாது என்று, அவரிடமிருந்து மட்டும் மகரந்திகள் ஒரு சாண் ஒதுங்கிப் பறக்கும். மற்றவர்கள்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். ஆள் பார்த்து மரியாதை தரும் இயந்திரங்கள்!

வைகாசி பாதி கடந்துவிட்டது. பாகல் காய்த்தது, வெண்டை காய்த்தது. அரசாணி என்கிற பறங்கிக் கொடியில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை. பூ மலரும், மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துவிடும். ஒன்பது வருடமாக நாச்சிமுத்து விதை எடுத்துக் காப்பாற்றிய அரசாணி அது. அந்த இனம் வேறு யாரிடமும் இல்லை. கையிருப்பு விதையெல்லாம் மண்ணுக்குப் போய், முளைத்தது இந்த ஒரு கொடிதான். அதுவும் நுனியிலிருந்து காயத் தொடங்கிவிட்டது. இன்று மலர்ந்திருக்கும் பெண்பூவை விட்டால் இனி பூ இல்லை.

வேறு வழி தெரியாமல், பெட்டி பழுதுபார்க்கும் ரூபிணியை வரச் சொல்லியிருந்தாள்.

"அண்ணன் இல்லீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே பின்வாசலில் இறங்கினாள் ரூபிணி.

"உள்ளார படுத்திருக்காரு கண்ணு. மேலுக்குச் சொகமில்லை." பொய் தடங்கலில்லாமல் வந்தது. நாற்பது நாளில் நல்ல பழக்கம்.

ரூபிணி அரசாணிக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இல்லீங்க்கா. அண்ணன் இங்கதானுங்களே உக்காந்திருக்காரு."

தமயந்தி திரும்பினாள். குழியருகே வந்த மகரந்திகள், நடுவில் எதையோ தொடாமல் வளைந்து வளைந்து போயின. மேலே வந்தவை சற்று எழும்பித் தாண்டின. பக்கத்தில் வந்தவை முழங்கால் போன்ற ஒரு முனையைச் சுற்றிக்கொண்டு போயின. பார்க்கப் பார்க்க அந்த வெற்றிடத்துக்கு ஒரு முதுகு வந்தது, குனிந்த தலை வந்தது. தினமும் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொடியைத் தடவிக்கொடுக்கும் அதே ஆள்.  அவளுக்குப் பயம்தான், ஆனால் ஓடிப்போகத் தோன்றவில்லை.

ரூபிணி மூடியிலிருந்த சட்டையைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "எப்பங்க்கா தவறினாரு?"

"சித்திரை எட்டு."

"ஏழு நாளைக்குள்ள எங்ககிட்டச் சொல்லிப் பேரை மாத்தியிருக்கோணுமுங்க."

"பெட்டியில இருந்து அவரு பேரை எடுக்க மனசு வரலை கண்ணு."

"வாசம் வந்தா ஆளும் வந்துட்டாருன்னு இதுங்க நெனச்சுக்குமுங்க. எங்க உக்காருவாரு, எத்தன நேரம் உக்காருவாருன்னு அத்தனையும் படிச்சு வெச்சிருக்குதுங்க. அவரு மேல படக்கூடாதுன்னு அந்தப் பூப்பக்கமே போறதில்லை."

"நான் கையாலயும் பூத்தூளைத் தொட்டு வெச்சுப் பார்த்தேனே?"

"ஆம்பளப் பூவுல தூளு இருந்தாத்தானுங்க? பெட்டி தொறந்த ஒடனே இதுங்க தொடச்செடுத்துருமுங்க. உங்க கையை மூடியில வெச்சு அழுத்துங்க்கா. பெட்டி உங்களுதாயிரும்."

"அவரு?"

"மறந்துருமுங்க." ரூபிணி வானத்தைப் பார்த்தாள். "வெயில் ஏறுது. இன்னுங் கொஞ்ச நேரத்துல பூ சுருங்கிருமுங்க."

தமயந்தி குழிக்குப் போய் அந்த வெற்றிடத்தின் எதிரே உட்கார்ந்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் மகரந்திகள் வந்து வந்து மோதின. அவளை அவை ஆளாகவே மதிக்கவில்லை. அவற்றைப் பொறுத்தவரை, இந்தத் தோட்டத்தில் இருப்பவர் அவர், இல்லாதவள் அவள். இன்னொரு நாளாயிருந்தால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

"எந்திரிங்க மாமா," என்றாள். "உங்க காயைக் காப்பாத்தோணும்."

அவர் எழுந்திருக்கவில்லை. அவளே எழுந்து போய்ச் சட்டையை உருவிவிட்டு, உள்ளங்கையை மூடியில் வைத்து அழுத்தினாள். கையடியில் பெட்டி ஒருமுறை சூடாகித் தணிந்தது.

மகரந்திகள் இருந்த இடத்திலேயே ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு ஒன்று நேராக வந்து, குனிந்திருந்த அந்த மார்புக்குள் புகுந்து, முதுகு வழியாக வெளியேறிப் பூவில் இறங்கியது. அதன் பின்னால் பத்து, இருபது. பூ தூளில் மஞ்சள் பூசிக்கொண்டது.

"புடிச்சிருச்சுங்க்கா!" என்றாள் ரூபிணி.

தமயந்தி அதைக் கேட்கவில்லை. குழியருகே ஓடி, அவர் தலை இருந்த இடத்துக்குள் நுழையப் போன ஒரு மகரந்தியைக் கையை ஓங்கி விரட்டினாள். அது அவள் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி, மிகுந்த மரியாதையோடு ஒதுங்கிப் பறந்தது.