மூன்றாவது சட்டை

மூன்று சட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் இடது முழங்கை தேய்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பட்டறையின் விளக்குகளைப் போட்டதும் கத்தரியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மூன்றையும் பழசாக்கியவள் அவளே. மூன்றுக்கும் வலது முழங்கையை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பிரஷ்ஷால் நூலைக் கிளப்பி, கொஞ்சம் மெழுகு தடவிப் பளபளப்பாக்கி, ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றைப் பார்க்க வேண்டாம் என்கிற மாதிரி முடித்திருந்தாள். இடது கைகளை அவள் தொடவே இல்லை.

கூடப் படிக்கும் குண்டூசியின் வேலை என்று உடனே முடிவு செய்தாள். அந்தக் கல்லூரியில் பொறாமைப்படத் தெரியாதவர்கள் என்று யாருமில்லை, ஆனால் பொறாமையைக்கூட இவ்வளவு அரைகுறையாகச் செய்யக்கூடியவள் குண்டூசி ஒருத்திதான்.

நாடகம், சினிமா, தொலைக்காட்சி மூன்றுக்கும் வேண்டிய அரங்கு, பொருட்கள், உடை, ஒப்பனை எல்லாவற்றையும் செய்யக் கற்றுத்தரும் கல்லூரி அது. கத்தரி ஆடைப் பிரிவில் கடைசி வருடம். நாக்கு வெட்டும் என்பதால் வைத்த பட்டப்பெயர். அதைக் கேட்டு அவள் வருத்தப்பட்டதில்லை. அரங்கப் பிரிவில் தெர்மாகோலில் நாலு தூண் செதுக்கிவிட்டுத் தங்களைச் சிற்பி என்று நினைத்துக்கொண்டு திரிகிறவர்களையும், ஒப்பனைப் பிரிவில் காயம் என்றால் சிவப்புச் சாயத்தை வாளி வாளியாகக் கவிழ்க்கிறவர்களையும் அவள் மனிதர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவளுடைய வேலை துணியைப் பழசாக்குவது. கடையில் நேற்று வாங்கிய சட்டையைப் பத்து வருடம் ஒருவன் போட்டு உழைத்த சட்டையாக மாற்றுவது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்லியும் இருந்தாள்.

"என் சட்டையில கை வச்சியா?" என்றாள், குண்டூசி பையைக்கூடக் கீழே வைக்காத நேரத்தில்.

"நானா? ஐயோ, உன் மேசைப் பக்கம் வர்றதுக்கே எனக்குப் பயம்டீ."

"பயப்படுறவதான் திருட்டுத்தனமா வருவா. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். நீ மேடையையே கோணலாக்கப் பாக்குறே."

குண்டூசியின் கண் கலங்கியது. துணியில் ஒரு கறை வைப்பதற்குள் மூன்று முறை பாடம் நடத்தும் மேடத்தைப் போய்ப் பார்த்து வருகிறவள், அழுவதற்கு மட்டும் யாரையும் கேட்பதில்லை. கத்தரி மூன்று சட்டைகளையும் தன் இரும்பு அலமாரியில் மாட்டிப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சினிமாவுக்கு உடை செய்யும் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஆள் தேர்வுக்கு வருகிறார்கள். இருக்கும் இடம் ஒன்று. அது கிடைத்தால் வேறு ஊர், தனி அறை, சம்பளம். கிடைக்காவிட்டால் அத்தானின் துணிக்கடை. அவள் தங்கியிருப்பது அக்கா வீட்டில். "படிப்பு முடிஞ்சதும் கடைக்கு வந்து நில்லு, மீட்டர் போட்டுக் கிழிச்சுக் குடு, அதுவும் துணி வேலைதானே" என்று அத்தான் இந்த மாதத்தில் மட்டும் நாலு முறை சொல்லிவிட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. அந்தக் கடையில் வாழ்நாள் முழுக்கப் புதுத் துணியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தேர்வுக்குக் கொடுத்த பாத்திரம் சுலபமானது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒளிந்து வாழும் ஒரு ஆள். ஒரு வருடம் ஒரே அறை, ஒரே வெள்ளைச் சட்டை. படப்பிடிப்பில் ஒன்று நனையும், ஒன்று கிழியும் என்பதால் எப்போதும் மூன்று பிரதி செய்வார்கள். ஒவ்வொரு உடைக்கும் ஒரு அட்டை உண்டு. போட்டவர் யார், என்ன வயது, எந்தக் கைப்பழக்கம், எங்கே சொறிவார், எதில் சாய்வார் என்று எழுதிவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும். கத்தரி தனக்குப் பிடிக்காத எல்லாரிடமிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து அவனைச் செய்தாள். அத்தானைப் போலச் சாப்பிட்ட கையைச் சட்டை நுனியில் துடைப்பான். வாயிற்காவலரைப் போல வயிற்றைச் சொறிவான். சோம்பேறி, அழுக்கன், கோழை. எழுத எழுத அவளுக்கே அவன்மேல் குமட்டியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அட்டையின் கடைசி வரி, 'கடைசியாக எப்படிக் கழற்றினார்?' என்பது. மேடத்தின் பிடிவாதம் அது. பட்டனைப் பொறுமையாகக் கழற்றினாரா, தலைவழியாக உருவினாரா, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்களா, அதற்கும் துணியில் ஒரு தடம் இருக்கும் என்பார். மற்றவர்கள் ஒழுங்காக எழுதினார்கள். கத்தரி ஒரே சொல்லில் முடித்திருந்தாள்: 'கழற்றவில்லை.' இதைப் படித்து மேடம் அசந்துபோவார் என்று அவளுக்கு எண்ணம்.

புதன்கிழமை காலை அலமாரியைத் திறந்தபோது வாடை வந்தது. பழசாக்கும் வேலைக்கென்று ஒரு வாடை உண்டு. டீத்தண்ணீர், கிளிசரின், சாயம், ஈரப் பருத்தி, இவை கலந்து வரும் அந்த வாடை அவளுக்குத் தன் தலையணை மாதிரி பழக்கம். இது அது இல்லை. இது பூட்டிய அறையில் நெடுநாள் படுத்திருந்த உடம்பின் வாடை. இடது முழங்கை தேய்ந்த அந்த மூன்றாவது சட்டையின் காலர் உள்பக்கம் மஞ்சளாக எண்ணெய் ஏறிப் பிசுபிசுத்தது. முதுகில், இரண்டு தோள்பட்டை எலும்புகளும் சுவரில் உரசும் இடங்களில், துணி மெலிந்து சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. இப்போது அந்த இரண்டும் பொய்யாகத் தெரிந்தன.

மேடம் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"இது எப்படிம்மா பண்ணினே?" மேடத்தின் குரலில் இதுவரை அவள் கேட்டிராத மரியாதை. "இந்த முதுகு... முப்பது வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததில்ல."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"ரெண்டு ராத்திரி யோசிச்சேன் மேடம்."

"மத்த ரெண்டையும் இதே மாதிரி ஆக்கிடு. வெள்ளிக்கிழமை யாரும் உன் கிட்ட வர முடியாது."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் தனியாக உட்கார்ந்து முயன்றாள். பட்டறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் இல்லை. நடுப்பகலிலும் குழல்விளக்கு முனகிக்கொண்டிருக்கும், சாயத்தொட்டியில் குழாய் சொட்டும், மேலே அரங்கப் பிரிவுக்காரர்கள் ஆணி அடிப்பது யாரோ நெஞ்சைக் குத்திக்கொள்வதுபோல மந்தமாகக் கேட்கும். வாஸ்லின் தடவினாள், துடைத்தாள், சாம்பல் தேய்த்தாள், டீத்தண்ணீரில் முக்கி இஸ்திரி போட்டாள். ஒவ்வொன்றும் அழகாக வந்தது. ஒன்றும் அதுபோல வரவில்லை. முதல் முறையாகத் தன் கைவேலை அவளுக்கு ஒரு குழந்தையின் கிறுக்கலாகத் தெரிந்தது, அது அவளைப் பயத்தைவிட அதிகமாக உறுத்தியது.

அப்போது அந்தச் சத்தம். சர்... சர்... துணி இரும்பில் உரசும் சத்தம். அவசரமே இல்லாமல், போகிற இடம் ஒன்றும் இல்லாத ஒருவன் சுவரில் சாய்ந்து இடது முழங்கையை ஆட்டிக்கொண்டிருப்பதுபோல, அலமாரிக்குள் இருந்து.

எலி என்று சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்த் திறந்தாள்.

சட்டை அசையாமல் தொங்கியது. மேல் பட்டனை அவள் போடாமல் விட்டிருந்தாள். இப்போது போட்டிருந்தது. மெதுவாகக் கையை நீட்டி மார்புப் பக்கம் தொட்டாள். சூடு. இஸ்திரிச் சூடு இல்லை. படுக்கையிலிருந்து ஒருவர் இப்போதுதான் எழுந்துபோன சூடு.

கையை இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.

சர்.

வியாழக்கிழமை அவள் முகத்தைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று குண்டூசி கேட்டாள். கேட்டது மனதார. கத்தரிக்கு அந்தப் பரிதாபம் வேப்பெண்ணெய் மாதிரி இறங்கியது. "உன் வேலையைப் பாரு" என்றுவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், அட்டையில அந்தக் கடைசி வரி... அது எழுதியே ஆகணுமா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எழுதலையா?"

"சும்மாதான் கேக்குறேன்."

"ஒரு துணி, ஒண்ணு போட்டவன் உடம்புல இருக்கணும், இல்ல நம்ம கையில இருக்கணும். அவன் கழட்டினாத்தான்மா அது நமக்கு. இல்லேன்னா நாம யாரோட சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கோம்?"

மேடம் சிரித்தார். கத்தரியும் சிரித்து வைத்தாள். கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று படியில் இறங்கும்போது நினைக்கப் பார்த்தாள். நினைப்பு முழுதாக ஓடவில்லை.

அலமாரியைத் திறந்தாள். இப்போது சட்டையின் கைநுனி கடித்துக் குதறியிருந்தது. காஜா இரண்டு பிய்ந்திருந்தன. பொத்தான் பட்டியின் ஓரமெல்லாம் நகத்தழுக்கு. ஒரு பல் தடம் இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் கதவைச் சாத்திவிட்டு அட்டையை எடுத்தாள். 'கழற்றவில்லை' என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: 'வியாழக்கிழமை. தானாகவே பட்டன்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.' எங்கே போனான் என்று அட்டை கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. எங்கே ஒழிந்தால் என்ன.

அலமாரிக்குள் ஏதோ தளர்ந்தது. அவ்வளவுதான். பிறகு குழாய் சொட்டுவதும் மேலே ஆணி அடிப்பதும் மட்டும் கேட்டன. திறந்து பார்த்தபோது பட்டன்கள் எல்லாம் கழன்றிருந்தன, சட்டை குளிர்ந்து வெறும் துணியாகத் தொங்கியது. வாடைகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் விம்மலாக, பிறகு நிஜமாகவே. மற்ற இரண்டு சட்டைகளையும் சாயங்காலத்துக்குள் ஓரளவு ஒப்பேற்றினாள். ஒரு அட்டைக்குப் பயந்த தன்னை நினைத்து வெட்கப்பட்டாள், அந்த வெட்கத்தைக் குண்டூசிமேல் இறக்கி, "பேய் முழி முழிக்காதே, தள்ளு" என்று போகிறபோக்கில் ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஒரு புது நீல டாப்ஸைக் கொடுத்தாள். "அத்தான் கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்தாரு. நல்ல நாளும் அதுவுமா பழசைப் போட்டுக்கிட்டுப் போகாதே." விலைச்சீட்டை அக்காவே வெட்டினாள். அத்தானின் ரசனையைப் பற்றி மனதுக்குள் நாலு வார்த்தை சொல்லிக்கொண்டே கத்தரி அதைப் போட்டுக்கொண்டாள். துணியில் கஞ்சி மொடமொடத்தது. பேருந்தில் யாரோ நெருக்கமாகப் பின்னால் நின்றார்கள். திரும்பி முறைத்தாள். பின்னால் இருந்தது காலி இருக்கை.

தேர்வுக்கு வந்தவர் அறுபது வயது அம்மா. தையல்காரராகத் தொடங்கி அந்த நிறுவனத்தையே நடத்துகிறவர். கையில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. குண்டூசியின் மேசையருகே இரண்டு நிமிடம் நின்றார். கத்தரியின் மேசையருகே நின்றார், நின்றார், நகரவே இல்லை. மூன்றாவது சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பெரிய வேலை. உண்மையாச் சொல்றேன், இந்த இடம் உங்களுக்குத்தான்."

மேடம் கைதட்டினார். கத்தரிக்கு அத்தானின் மீட்டர் கோல் எங்கோ தூரத்தில் விழுந்து உடைந்ததுபோல இருந்தது.

"ஆனா இதைவிட அது பிரமாதம்" என்றார் அந்த அம்மா, பூதக்கண்ணாடியை அவள் இடது தோளுக்கு நேரே கொண்டுவந்தபடி. "எனக்குக் காட்டணும்னே போட்டுட்டு வந்தீங்களா?"

"எது?"

"இந்தத் தோள். முன்னாடி நாலு விரல், பின்னாடி கட்டைவிரல். நூல் எப்படி மெலிஞ்சிருக்கு பாருங்க. கை வச்சவன் உங்களைவிட உயரம். எப்பவும் பின்னாலதான் நிப்பான். இடது கைப்பழக்கம்." அவர் ரசித்துக்கொண்டே போனார். "இப்படித் தேய ஒரு வருஷமாவது ஒருத்தன் கையை எடுக்காம வச்சிருக்கணும். இதை எத்தனை நாள்ல பண்ணினீங்க?"

கத்தரி குனிந்து பார்த்தாள். கஞ்சி மொடமொடக்கும் புது நீலத்தில், முன்பக்கம் நாலு வெளுத்த திட்டுகள். திட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு. திட்டுகளுக்கு அடியில், இழை இழையாகப் பிரிந்த துணி வழியே, அவள் தோல். அதுவும் தேய்ந்திருந்தது. முடியே இல்லாமல், பழைய செருப்பின் உள்பக்கம்போல வழவழப்பாக.

"சொல்லுங்கம்மா, எத்தனை நாள்?"

கழுத்தின் பின்னால் மூச்சு. அந்த வாடை.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலத் துணியில் முதலில் சுண்டுவிரலின் திட்டு அமுங்கியது. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது.