முகத்துக்கும் கிடங்குக்கும் பேச்சில்லை

நிலாவில் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டுமானால் காற்று வரி கட்டினால் மட்டும் போதாது. பூமியில் வண்டி உரிமத்துக்கு எட்டு போட்டுக் காட்டுகிற மாதிரி, கையாலேயே ஒரு வலைச்செயலி எழுதிக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் இயந்திர மூளைகளே எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை அவை மொத்தமாக முடங்கின. ஏன் என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் குடியிருப்பே திருதிருவென்று விழித்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

தாமிரா எழுதியது குளியல்நீர்ச் செயலி. எந்த வீட்டுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று பதிந்து வைக்கும், அவ்வளவுதான். விதிப்படி அதில் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும். விவரங்களை வைத்திருப்பது கிடங்கு. திரையில் தெரிவது முகம். வருகிற கோரிக்கையை வாங்கி, சரிபார்த்து, கிடங்கிடம் கேட்டு, பதிலை முகத்திடம் சேர்ப்பது நடுவன். முகமும் கிடங்கும் நேராகப் பேசவே கூடாது.

இந்தச் சுற்றுவழி தாமிராவுக்குப் பிடிக்கவில்லை. நடுவனைத் தூக்கிவிட்டு மற்ற இரண்டையும் நேராக இணைத்துவிட்டாள். தேர்வாளர் இயந்திரம் தேதிக்கான கட்டத்தில் 'சீக்கிரம்' என்று எழுதியது. தடுக்க ஆளில்லாததால் கிடங்கு அதையும் ஒரு தேதியாகவே வாங்கி வைத்துக்கொண்டது. வரிசை குழம்பி, சோதனைக்காக அதில் இணைத்திருந்த வீடுகளில் அன்று யாருமே குளிக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. அதிலும் தோற்றால் அவள் அடுத்த கப்பலில் பூமிக்குப் போக வேண்டும். முன்பே தேறிவிட்ட கணவன் கோமதிசங்கர் இங்கேயே இருப்பான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டும் நேராப் பேசுனா என்னங்க கெட்டுப்போச்சு?" என்று கணவனிடம் கேட்டாள்.

"இதுகூடவா புரியல உனக்கு?" என்றான் அவன்.

அத்தோடு வீட்டில் பேச்சு நின்றது. ஆனாலும் குடும்பம் நடந்தாக வேண்டுமே. வீட்டுப் பணியன் என்ற இயந்திரம் இரண்டு அறைகளுக்கும் நடையாய் நடந்தது.

"அந்த மனுசனைக் கொட்டிக்க வரச் சொல்லு" என்று தாமிரா அதை அனுப்பினாள். நிலா வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அடுத்த அறையில் பணியன் சொன்னது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்கய்யா."

"அவ வைக்கிற சாம்பாரை மனுசன் வாயில வைப்பானா?"

பணியன் திரும்பி வந்தது. "ஐயாவுக்கு இப்போ பசியில்லையாம், அம்மா" என்றது.

தாமிராவுக்கு முதலில் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே சிரிப்பும் வந்துவிட்டது. பணியன் இப்படி வடிகட்டாமல் விட்டிருந்தால் இந்நேரம் தட்டு பறந்திருக்கும்; நடுவனின் வேலையும் இதுதானே. சாப்பிடாமலே போய் உட்கார்ந்து, ஒரே மூச்சில் நடுவனை எழுதி முடித்தாள்.

மறுதேர்வில் தேர்வாளர் இயந்திரம் 'சீக்கிரம்' என்று எழுதிப் பார்த்தது. பிறகு 'நேத்து' என்றது. கடைசியில் 'மனசு இருந்தா' என்றும் கேட்டுப் பார்த்தது. நடுவன் ஒவ்வொரு முறையும் முகம் கோணாமல், தேதியைச் சரியாகக் கொடுக்கும்படி கேட்டது. கிடங்குக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. தாமிரா தேறிவிட்டாள்.

கோமதிசங்கர் வாசலிலேயே காத்திருந்தான். அவள் பூமிக்குப் போய்விடுவாளோ என்று உள்ளூர அவன்தான் அதிகம் பயந்திருந்தான். நமக்கு நடுவில் ஓர் இயந்திரம் எதற்கு என்று இருவருக்கும் வெட்கமாகிவிட்டது. இனி எதுவானாலும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். சாம்பாரைப் பற்றியும் பேசிச் சிரித்துத் தீர்த்தார்கள். தூது வேலை போன பணியனை அடுக்களைக்கு அனுப்பினார்கள். அங்கே பேசத் தெரிந்த ஓர் அடுப்பு இருந்தது.

மறுநாள் காலையில் வெகுநேரமாகியும் காப்பி வரவில்லை. தாமிரா போய்ப் பார்த்தாள். பணியன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது.

"என்னாச்சு?" என்றாள்.

"தண்ணியைச் சுட வைக்கணும்னு அதுகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா. நாங்க பேசிக்கிறதில்ல" என்றது பணியன்.

"முதல்ல அந்தத் தகர டப்பாகிட்ட பால்பொடியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றது அடுப்பு.

தாமிரா பணியன் பக்கம் திரும்பினாள்.

"அடுப்புக்குக் கொஞ்சம் பால்பொடி வேணுமாம்ப்பா" என்றாள்.